மூன்று வாரத் தூசி

மூன்று வாரத்துக்கு யாரும் தெருப்பக்கத்து ஜன்னலைத் துடைக்க வேண்டாம் என்று லூப்னா சொன்னதும், ஆங்கர் தெருப் பெண்கள் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் அவளைப் பார்த்தார்கள்.

முதலில் வாய் திறந்தவள் கூர் என்பவள். அறுபதை நெருங்கும் ட்ரைன் என்பவளின் எதிர்வீட்டுக்காரி, அந்தத் தெருவில் எதற்கும் முதலில் வாய் திறப்பவளும் அவள்தான்.

"மூணு வாரமா? மூணு நாள் தொடைக்கலைன்னாலே எங்க மாமியார் கல்லறையிலேருந்து வாளியோட எழுந்து வந்துடுவாளே."

சமுதாயக்கூடம் முழுக்கச் சிரித்தது. ட்ரைன் மட்டும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை என்றால் ஜன்னல், வெள்ளிக்கிழமை என்றால் வாசற்படி என்று அவள் உடம்பு பழகிப்போயிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் அவள் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்று பேர். இப்போது மூன்று வியாழக்கிழமை கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறாள் இந்தப் பெண்.

லூப்னா கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பெற்றோர் மொராக்கோவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் ராட்டர்டாமில். வயிற்றில் பிள்ளையோடு ட்ரைனின் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். அந்தப் பிள்ளைக்கு, நூருக்கு, இப்போது நாலு வயது. செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் லூப்னா தெருக்காரர்களைக் கூட்டி வைத்துப் படம் வரையச் சொல்லித் தந்துகொண்டிருந்தாள். காரணம் கேட்டால் சுருக்கமாகச் சொல்வாள். நகர மன்றக் கூட்டத்துக்கு உருக்காலைக்காரர்கள் வரும்போது கலர் கலராய் வரைபடங்களோடு வருகிறார்கள், நாம் வெறுங்கையோடு போய் வாய் குழறிவிட்டுத் திரும்புகிறோம், நம் கையிலும் ஒரு படம் இருக்கட்டும் என்பாள்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம், தெரு முடியும் இடத்துக்கு நேர் எதிரே, உருக்காலையின் கசடுக் களம். உருக்கிய இரும்பில் ஒதுங்கும் கசடைத் திறந்த வெளியில் கொட்டி ஆறவைக்கிற இடம். அங்கிருந்து காற்று வீசினால் தெருவெங்கும் கறுப்புப் பொடி இறங்கும். வெயிலில் மினுமினுக்கும். களத்துக்கான அனுமதி அந்த ஆண்டோடு முடிகிறது. இன்னும் பத்து வருஷம் நீட்டலாமா, கூரை போட்டு மூடச் சொல்லலாமா என்று மே மாதக் கடைசியில் நகர மன்றம் வாக்கெடுக்கப்போகிறது. அதற்கு முந்தின சனிக்கிழமை மன்றக் குழு ஒன்று தெருவை நேரில் பார்க்க வருகிறது.

"போட்டோ எத்தனையோ குடுத்தாச்சு," என்றாள் லூப்னா. "எந்த ஊரு ஜன்னலோன்னு சொல்லிட்டாங்க. இந்தத் தடவை அவங்களே வந்து விரலை வெச்சுப் பார்க்கட்டும். மூணு வாரத் தூசி சேரட்டும். முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு வீட்லயும் அந்தத் தூசியிலேயே விரலால வரையுங்க. இந்தத் தூசி உங்க வீட்ல என்ன பண்ணுச்சோ அதை வரையுங்க. தூசிதான் தாள். விரல் போன இடத்துல தூசி இருக்காது, அதுதான் படம்."

பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற வீபெ மட்டும் உடனே கையைத் தூக்கினார். பொண்டாட்டி போனதிலிருந்து தன் ஜன்னல் இதற்குத் தயாராகத்தான் இருக்கிறது என்றார்.

ட்ரைனுக்குப் படம் வராது. முதல் செவ்வாய்க்கிழமை அவள் ஒரு பசு போட்டாள். வீபெ எட்டிப் பார்த்து, "சோஃபா நல்லா வந்திருக்கு," என்றார்.

"அது பசு."

"அப்படியா. உட்காரலாமான்னு கேக்க வந்தேன்."

ஆனாலும் அவள் ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. கை வரைந்துகொண்டிருக்கும்போது மனசுக்குள் கிடந்தது தானாக வந்து தாளில் உட்காருவது அவளுக்குப் புதிதாக இருந்தது. ஒரு நாள், வீட்டில் தினமும் பார்க்கும் ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்று லூப்னா சொல்ல, ட்ரைன் தன் சமையலறைத் தொட்டியைப் போட்டாள். தொட்டியின் விளிம்பிலிருந்து இரண்டு சின்னக் கால்கள் தொங்கின. உள்ளங்காலைப் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினாள். பென்சில் முனை உடைந்ததும்தான் நிறுத்தினாள்.

லூப்னா அந்தத் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது நூர் கால்."

ட்ரைனுக்குச் சங்கடமாகிவிட்டது. நூர் தினமும் பிற்பகலில் பின்தோட்டம் வழியாக வெறுங்காலோடு ஓடிவருவாள். குழந்தையைத் தொட்டி ஓரத்தில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அதன் பிறகுதான் பிஸ்கட் டப்பாவைத் திறப்பாள். எவ்வளவு கறுப்பு இறங்குகிறது என்று அம்மாக்காரியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பாவம், எதற்கு மனசைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டாள். இன்று பென்சில் சொல்லிவிட்டது.

அன்று எல்லோரும் போனபின், நாற்காலிகளை அடுக்கும்போது லூப்னா மெதுவாகச் சொன்னாள். நூருக்கு மூச்சு இழுக்கிறது, டாக்டர் இரண்டு முறை மருந்தை மாற்றிவிட்டார், இந்தக் களத்துக்குப் பத்து வருஷம் கொடுத்துவிட்டால் தங்களால் இங்கே இருக்க முடியாது, ஸ்வொல்லேயில் அக்கா வீட்டுப் பக்கம் போய்விட வேண்டியதுதான் என்றாள். மூடிவிட்டால் போகத் தேவையில்லை என்றும் சொன்னாள்.

ட்ரைனுக்கும் அவள் கணவர் ஸீமெனுக்கும் பிள்ளை இல்லை. ஸ்வொல்லே ரயிலில் போய் வரும் தூரம்தான். ஆனால் பின்தோட்டம் வழியாக யாரும் ஸ்வொல்லேயிலிருந்து ஓடிவர மாட்டார்கள். அவள் நாற்காலியை அடுக்கிவிட்டு, "தொடைக்க மாட்டேன். பார்த்துக்கோ," என்றாள்.

அந்த மூன்று வாரமும் மழை வந்துவிடக் கூடாதே என்றுதான் தெருவே கவலைப்பட்டது. பிறந்ததிலிருந்து மழையைத் திட்டியே வளர்ந்த சனம், காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்து, இன்னிக்கும் வராது போல, என்று ஒருவருக்கொருவர் நல்ல சேதியாய்ச் சொல்லிக்கொண்டது. மழை வரவில்லை. தூசி வந்தது. கண்ணாடி மங்கி, சாம்பல் பூத்து, பிறகு கறுத்தது. விளிம்பில் விரல் வைத்தால் பதிந்தது.

ட்ரைனுக்குக் கை அரித்தது. முதல் வியாழக்கிழமை வாளியை எடுத்து, தண்ணீர் பிடித்து, அப்படியே கொட்டிவிட்டு வந்தாள். ஸீமென் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்தார். முப்பது வருஷம் அதே உருக்காலையில் தகடு உருட்டியவர். ஆலையைப் பற்றி நல்லதும் சொல்ல மாட்டார், கெட்டதும் சொல்ல மாட்டார்.

"குடிகாரன்கிட்டேருந்து பாட்டிலைப் பிடுங்கினா இப்படித்தான் கை நடுங்கும், அம்மணி."

"உனக்கு வேடிக்கையா இருக்கு."

"இல்லையே. வீட்டுக்குள்ள இருட்டாயிருக்கு. விளக்குப் போட்டுத்தான் பேப்பரே படிக்கிறேன். அதுக்குத்தான் சொல்றேன், இவ்வளவு நாள் நீ எத்தனை தூசியைத் தொடைச்சிருக்கேன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது."

அதை அவர் கேலியாகச் சொன்னாரா என்று ட்ரைனுக்கு விளங்கவில்லை.

குழு வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவே வாசலுக்கு வந்தது. கூர் தன் கண்ணாடியில் ஒரு துணிக்கொடி போட்டாள்; கொடியில் ஒரு துணிகூட இல்லை. கல்யாணமாகி வந்தபின் ஒருநாள்கூடத் துணியை வெளியே உலர்த்தியதில்லை என்றாள். வீபெ தன் காரைப் போட்டார். கூர் குறுக்கே வந்து பார்த்து, சவப்பெட்டியா என்று கேட்டாள். அவர், "அதுக்குள்ள போக இன்னும் நாள் இருக்கு, தினம் இதைக் கழுவியே பாதி ஆயுசு போச்சு," என்றார். லூப்னா தன் கண்ணாடி முழுக்க அந்தத் தெருவையே வரைந்திருந்தாள். வீடு வீடாக, கூரை கூரையாக, காற்று வரும் திக்குக் காட்டும் அம்புக்குறியோடு. ஊசி முனையால் கீறியதுபோல் அத்தனை சுத்தமான கோடு.

ட்ரைன் இரண்டு கால்கள் போட்டாள். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக. பின்னால் நகர்ந்து நின்று பார்த்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் போட்ட ஒன்று போட்டதுபோலவே இருப்பதைக் கண்டாள். யாரோ ஒரு குழந்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாற்போல. நூர் வந்து பார்த்துவிட்டு, "ட்ரைன் அத்தை, என் கால் பெரிசாயிடுச்சு," என்றாள்.

லூப்னா ட்ரைனின் தோளில் கை வைத்தாள். "நாளைக்கு இங்கதான் முதல்ல நிறுத்துவேன் அவங்களை," என்றாள்.

எல்லோரும் உள்ளே போகிற நேரத்தில் கூர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா, நம்ம ரூல்ஃபீன். உன்னோட பள்ளிக்கூடத்துல படிச்சவ இல்ல?

ட்ரைன் ஆமாம் என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரூல்ஃபீன் மணல்மேட்டுப் பக்கத்துப் பெண். கடலுக்கு அருகே, காற்று எப்போதும் சுத்தமாய் வரும் பக்கம். ஆலைத் தெருப் பிள்ளைகளும் மணல்மேட்டுப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில்தான் படித்தார்கள். எட்டு வயதிருக்கும்போது ஒருநாள் பாட்டு வகுப்பில் ட்ரைன் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அடுத்து ரூல்ஃபீன் உட்கார வேண்டியிருந்தது. அவள் கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்தாள். முறைக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, அம்மா சொல்லித் தந்ததுபோல் பொறுமையாக ஓரம் ஓரமாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். கைக்குட்டை கறுத்துப் போனது. அதை ட்ரைனும் பார்த்தாள், வகுப்பும் பார்த்தது. அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்லாமல் குளியலறையில் பாவாடையைத் தேய்த்தாள். அன்று தொடங்கிய தேய்ப்பு.

மறுநாள் விடியும்போதே அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. ஸீமென் தூங்கிக்கொண்டிருந்தார். கீழே வந்து காபி போட்டாள். தெருப்பக்கத்து அறை மங்கலாக இருந்தது. கண்ணாடியில் அந்தக் கால்களைக் கண்டாள், உள்பக்கத்திலிருந்து. நன்றாகத்தான் இருந்தது. தொட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டாள்.

வாசற்கதவின் பித்தளைக் கைப்பிடி மட்டும் ஒரு மாதிரி இருந்தது. கைப்பிடியில் படம் இல்லையே. கைப்பிடியைத் துடைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? துடைத்தாள். கைப்பிடி பளிச்சென்று ஆனதும் வாசற்படி இன்னும் அழுக்காகத் தெரிந்தது. அதிலும் படம் இல்லை. வாளியைக் கொண்டுவந்தாள். வாசற்படி ஆனதும் ஜன்னல் விளிம்பு. விளிம்பு ஆனதும் கண்ணாடியின் நாலு ஓரம். கால்களைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டே வந்தாள். கால்களை விட்டுவிடத்தான் போகிறாள். அதை மட்டும் விட்டால் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்றுகூட நினைத்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கூர் இரவு உடையோடு வாசலில் நின்றாள்.

"என்ன பண்றே?"

"ஓரம் மட்டும்."

கூர் தெருவைக் கடந்து வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். சுற்றிலும் பளபளவென்றிருக்க நடுவில் ஒரு கறுப்புத் திட்டு, அதில் இரண்டு கால்.

"இது கால்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வர்றவளுக்கு என்ன தெரியும்? பாதி தொடைச்சு, சோம்பல்பட்டு விட்டுட்டுப் போன ஜன்னல்னு நினைப்பா."

ட்ரைன் கண்ணாடி துடைக்கும் தோல் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். இரண்டு இழுப்பு. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கூர் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். துணியில்லாத கொடி இன்னும் அங்கே கறுப்புக் கண்ணாடியில் இருந்தது. "நீ பளபளன்னு நிக்க, நான் மட்டும் அழுக்கா நிக்கணுமா?" என்றாள். திட்டவில்லை. வேறு வழியில்லாதவளாய்ச் சொன்னாள். உள்ளே போய் வாளியோடு வந்தாள். அதைப் பார்த்து அடுத்த வீடு. அடுத்த வீட்டைப் பார்த்து அதற்கடுத்தது. அந்தத் தெருவில் ஒருத்தி ஜன்னலைத் துடைத்தால் மற்றவள் சும்மா இருக்க முடியாது என்பது ட்ரைனுக்குத் தெரியாததல்ல. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஓடியது. வீபெகூட, கடைசியில், கதவோரம் நின்று பார்த்துவிட்டு, நான் ஒருத்தன் மட்டும் பொண்டாட்டி இல்லாதவன்னு காட்டிக்கணுமா, என்று முனகிக்கொண்டே குழாயைத் திறந்துவிட்டார். மூன்று வாரம் வானம் காட்டிய கருணையை ட்ரைன் ஒரு காலையில் முடித்துவைத்தாள்.

லூப்னா தெருவில் இல்லை. மகளையும் கணவனையும் முந்தின இரவே அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதிகாலையிலேயே குழுவை வரவேற்க சமுதாயக்கூடத்துக்குப் போயிருந்தாள். குழுவோடு பேசிக்கொண்டே தெருமுனையில் திரும்பினாள். அப்போது வெயில் வந்திருந்தது. இரண்டு வரிசைக் கண்ணாடியும் ஒரே சமயத்தில் மின்னின. லூப்னா நடையை நிறுத்தவில்லை. பேச்சு மட்டும் பாதியில் நின்றது.

ரூல்ஃபீன் ட்ரைனை அடையாளம் கண்டுகொண்டாள். நரைத்த தலை, நல்ல கம்பளி மேலங்கி, அதே பொறுமையான முகம்.

"நீ ட்ரைன்தானே? இன்னும் இங்கேயா இருக்கே?" கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் விளிம்பில் வெள்ளைக் கையுறை போட்ட விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். விரல் வெள்ளையாகவே இருந்தது. "எவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க தெருவை."

அந்தச் சொல்லுக்காக ட்ரைன் ஐம்பது வருஷம் காத்திருந்தாள் என்று சொன்னால் தப்பில்லை. அது வந்து சேர்ந்தபோது அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குழுவோடு ஆலை அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். லூப்னா எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். நேற்று சாயங்காலம்வரை ஒவ்வொரு கண்ணாடியிலும் படம் இருந்தது, இந்த வீட்டில் இரண்டு கால்கள் இருந்தன, அவர்களையே கேளுங்கள் என்றாள். குரல் உயரவில்லை. அதிகாரி மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ஒரு வாளித் தண்ணியில போற தூசின்னா, மேடம், அதுக்கு நாம ஒரு களத்தையே மூடணுமா?"

அப்போதுதான் அவர்கள் கண் லூப்னாவின் ஜன்னலில் விழுந்தது. தெருவிலேயே கறுப்பாய் நின்ற ஒரே ஜன்னல். ஓர் உறுப்பினர் கிட்டப் போய்ப் பார்த்து, அருமையாக வரைந்திருக்கிறீர்கள், ஓவியரா என்று லூப்னாவிடம் விசாரித்தார். ரூல்ஃபீன் போகவில்லை. ட்ரைன் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு கேட்டாள்.

"அந்த வீட்ல மட்டும் ஏன் இப்படி?"

இப்போது சொல்லலாம். அந்த ஒரு ஜன்னல்தான் எங்கள் தெரு, மற்றதெல்லாம் நான் கழுவியது என்று சொல்லிவிடலாம். ட்ரைனின் நாக்கில் வேறொன்று தயாராக இருந்தது. லூப்னாவை யாரும் குறைசொல்லிவிடக் கூடாதே என்ற பதைப்பில் அது முந்திக்கொண்டது.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. சின்னக் குழந்தை வேற. தொடைக்க நேரம் கிடைக்கிறதில்லை, பாவம்."

"ஆமாமா," என்றாள் ரூல்ஃபீன். "அவங்க பழக்கமும் நம்மளைப் போல இல்லையே."

ட்ரைன் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே நிமிர்ந்தபோது, நாலடி தள்ளி நின்ற லூப்னா தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

அந்த வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டிலிருந்து யாரும் பின்தோட்டம் வழியாக வரவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் ட்ரைன் தானாகவே சொன்னாள், நாளைக்கு மன்றத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று. ஸீமென் உருளைக்கிழங்கை நசுக்குவதை நிறுத்திவிட்டு, "கோட்டு போட்டுக்கிட்டு நானும் வரேன்," என்றார். முப்பது வருஷத்தில் ஆலைக்கு எதிராக அவர் எடுத்துவைத்த அடி அது ஒன்றுதான்.

வாக்கெடுப்புக்கு முன் ஊர்க்காரர்கள் சில நிமிஷம் பேசலாம். ட்ரைன் ஒலிபெருக்கிக்கு முன் நின்றாள். பின்வரிசையில் லூப்னா உட்கார்ந்திருந்தாள், மடியில் கைகளைக் கோத்து.

"சனிக்கிழமை நீங்க பார்த்தது எங்க தெரு இல்லை. அன்னிக்குக் காலையில நான் எழுந்து தொடைச்சேன். என்னைப் பார்த்து எல்லாரும் தொடைச்சாங்க. அந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் நிஜம். என் ஜன்னல்ல ரெண்டு கால் இருந்தது. நான்தான் அழிச்சேன்."

ஓர் உறுப்பினர் நல்லவிதமாகவே கேட்டார், மூன்று வாரம் பொறுத்தவர் ஏன் கடைசி நாளில் துடைத்தீர்கள் என்று.

ட்ரைன் ரூல்ஃபீனைப் பார்த்தாள். ரூல்ஃபீன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியும் கைக்குட்டையும் அவளுக்கு நினைவே இருக்காது. அதைச் சொன்னால் புரியும். எங்கள்மேல் விழுந்த தூசிக்கு நாங்களே வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, நீங்கள் வரும்போதெல்லாம் மறைத்து மறைத்து, கடைசியில் தூசியே இல்லை என்று உங்களை நம்பவைத்துவிட்டோம் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். இத்தனை பேர் நடுவில், எட்டு வயதில் தன் நாற்காலி துடைக்கப்பட்டதை வாயால் சொல்ல அவளால் முடியவில்லை.

"விருந்தாளிங்க வர்றாங்களேன்னு," என்றாள்.

சபை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. அங்கிருந்த எல்லோர் வீட்டிலும் வாளியும் கையுமாக ஓர் அம்மா இருந்திருக்கிறாள். அந்த அம்மாவை நினைத்துச் சிரித்த சிரிப்பு. ரூல்ஃபீனும் சிரித்தாள். ஆலை அதிகாரியும் சிரித்தார். அதன் பிறகு அங்கே யாருக்கும் யார்மேலும் கோபமில்லை. ட்ரைன் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பத்து வருஷத்துக்கு அனுமதி நீட்டலாம் என்று முடிவானது. கூரை பற்றிப் பிறகு ஆராயலாம் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் லூப்னா வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. வீபெ கட்டிலைப் பிடித்து இறக்கினார். கூர் சாண்ட்விச் கட்டிக்கொடுத்தாள். ட்ரைன் தன் வாசலில் நின்றாள், போகவா வேண்டாமா என்று. கடைசியில் லூப்னாதான் வந்தாள். நூர் ஏற்கெனவே முன்சீட்டில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, ஓட்டுநரின் தொப்பியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகவரி எழுதிய சீட்டைக் கொடுத்தாள் லூப்னா. நூரின் பிறந்தநாளுக்குக் கட்டாயம் வரவேண்டும், ஸீமெனையும் கூட்டிக்கொண்டு என்றாள். ட்ரைன் சரி என்றாள். துடைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"தொடைச்சதுக்கு எனக்கு உங்க மேல கோபமே இல்லை, ட்ரைன்," என்றாள் லூப்னா. "அன்னிக்கே போயிடுச்சு. மன்றத்துல வந்து பேசினீங்களே, அது போதும்."

ட்ரைன் மூச்சுவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்தம்மா உங்க ஜன்னலைக் காட்டி ஏன் இப்படி இருக்குன்னு கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?"

ட்ரைன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "களத்துலேருந்து வருதுன்னு சொல்லியிருப்பேன்."

"என் ஜன்னலுக்கு மட்டும் ஏன் அது தோணலை?"

லூப்னா கேட்டுவிட்டு நின்றாள். குத்திக்காட்டவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் நின்றாள். வண்டியிலிருந்து கணவன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அப்போதும் நின்றாள். உனக்காகத்தான் சொன்னேன் என்பது ட்ரைனின் தொண்டைவரை வந்தது. அது நிஜம்தான். அந்த நிஜத்தை வெளியே எடுத்துவைத்தால் எப்படிக் கேட்கும் என்று அவளுக்கே கேட்டுவிட்டது.

"தெரியலைம்மா," என்றாள்.

"சரி," என்றாள் லூப்னா. ட்ரைனின் கன்னத்தில் ஊர் வழக்கப்படி மூன்று முறை முத்தமிட்டாள், எல்லோருக்கும் கொடுத்ததுபோலவே, ஒன்றுகூடக் குறைக்காமல். பிறகு போய் வண்டியில் ஏறினாள்.

வண்டி கால்வாய்ப் பாலத்தைக் கடந்து களத்தின் வேலியோரமாகத் திரும்பும்வரை ட்ரைன் நின்றாள். உள்ளே போனதும் ஸீமென் கேட்டார், என்ன சொன்னாள் என்று. பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள் என்றாள் ட்ரைன். போலாமே என்றார் அவர். போகலாம் என்று அவளும் சொன்னாள்.

நூரின் பிறந்தநாள் நவம்பரில் வந்தது. ட்ரைன் பொம்மை வாங்கி, நல்ல தாளில் சுற்றி, தபாலில் அனுப்பினாள்.